எண்ணெய் தேய்த்தவர்கள் உள்ளே வரக் கூடாது

போன வாரம் எங்கள் லேபில் ஒரு பெரிய மனிதரைப் பார்த்து, "சார், தொடாதீங்க" என்று ஒரு பெண் சொல்லிவிட்டாள்.

சொன்னது நான் இல்லை. முறைப்படி பார்த்தால் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான். எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தென்காசி பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில், மெட்டீரியல்ஸ் லேபில் டெக்னீஷியன். கல்யாண வீடுகளில் இதைச் சொன்னால் பெண்கள் ஆர்வமாகிவிடுவார்கள். "சுடிதார் மெட்டீரியலா?" என்பார்கள். இல்லை. உலோகம், பீங்கான், கண்ணாடியின் மேல் பூசிய படலம் என்று பலதையும் செய்து, உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்கிற இடம். பார்ப்பதற்கு ஒரு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அது என் பொறுப்பு. உங்கள் தலைமுடியில் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தால், தென்னை மரம் தடிமனுக்குக் காட்டித் தரும்.

காட்டும்தான்... ஆனால் அதற்குப் பிடிவாதம் அதிகம். மெஷினுக்குள் சாம்பிள் வைக்கிற சின்ன அறையில் காற்றே இருக்கக் கூடாது. மொத்தத்தையும் பம்ப் உறிஞ்சி வெளியே தள்ளி, உள்ளே வெற்றிடம் ஆக்க வேண்டும். நாங்கள் அதை வாக்குவம் என்போம். ஈரம் இருந்தால் வாக்குவம் வராது. எண்ணெய் இருந்தால் வந்தும் பிரயோஜனமில்லை. சாம்பிளின் மேல் கருப்பாக அப்பிக்கொண்டு, அடியில் இருப்பதை மறைத்துவிடும்.

ஈரமும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. இப்படி ஒரு மெஷினை வைப்பதற்கு நாட்டில் எத்தனையோ ஊர் இருக்கிறது. ராஜஸ்தான் இருக்கிறது. கொண்டுவந்து வைத்தது எங்கே? குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில்!

சீசன் தொடங்கிவிட்டால் இங்கே சாரலுக்கு நேரம் காலம் கிடையாது. ஜன்னலைச் சாத்தினாலும் கதவிடுக்கு வழியாக வரும். சாம்பிள் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டு வைக்கும் நீல மணிகள், காலையில் பார்த்தால் ரோஸ் கலரில் இருக்கும். ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். அவற்றை லேப் அடுப்பில் போட்டு வறுத்து மறுபடி நீலமாக்குவேன். சீசனில் வீட்டில் சமைப்பதைவிட லேபில் நான் வறுப்பதுதான் அதிகம் என்று என் கணவர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஈரத்தையாவது வறுத்துச் சமாளிக்கலாம். எண்ணெயை என்ன செய்வது? அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய்ப் பாட்டிலோடு மசாஜ்காரர்கள் நிற்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தேய்த்து, தட்டி, உருட்டி அனுப்புகிறார்கள். சீசனில் எங்கள் டவுன் பஸ்ஸில் பிடிக்கிற கம்பிகூட வழுக்கும்.

அதனால்தான் மைக்ரோஸ்கோப் ரூம் கதவில் ஒரு போர்டு. 'எண்ணெய் தேய்த்தவர்கள் உள்ளே வரக் கூடாது.' ஏதோ கோயில் வாசல் போர்டு மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. எழுதியது இசக்கியம்மாள். லேபில் சேர்ந்த புதிதில், கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று நான் எழுதச் சொன்னேன். எழுதி ஒட்டியதோடு நிற்காமல், வேலை நாட்களில் தலைக்கு எண்ணெய் வைப்பதையே அவள் விட்டுவிட்டாள். நானும் அப்படித்தான். விஞ்ஞானப்படி பார்த்தால், தலையில் இருக்கிற எண்ணெய் மெஷினை ஒன்றும் செய்துவிடாது. ஆனால் தலைக்குப் போன கை சும்மா இருக்குமா? அதே கைதான் அடுத்து சாம்பிளுக்கு வரும்.

தொடாதீங்க என்று சொன்னவள் இந்த இசக்கியம்மாள்தான். ஊர் சுரண்டை. தினமும் பஸ்ஸில் வந்து போய், மழை பெய்தால் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே லேபுக்குள் நுழைந்து, பி.எச்டி. ஆய்வை முடித்திருக்கிறாள். அவள் செய்தது ஒரு மெல்லிய படலம். கண்ணாடித் துண்டின் மேல் படிய வைத்தது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள். அந்தத் துளைகளுக்குள் வாயு புகுந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் சென்சார். கேஸ் கசிவு மாதிரி விஷயங்களுக்கு உதவும். மொத்த ஆய்வும் அந்தத் துளைகளில்தான் நிற்கிறது.

ஆய்வறிக்கையைப் படித்த வெளியூர் எக்ஸாமினருக்கு அங்கேதான் சந்தேகம். இவை உண்மையிலேயே துளைகள்தானா, இல்லை அழுக்குப் படிந்து அப்படித் தெரிகிறதா? நேரில் வந்து, என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று எழுதிவிட்டார்.

கேட்டதில் தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இசக்கியின் நிலைமையைப் பாருங்கள். நல்ல படலங்களில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் போன சீசனின் ஈரத்தில் உப்பி உரிந்து போய்விட்டன. புதிதாகச் செய்யலாம் என்றால், சாரல் காற்றில் படலம் ஒழுங்காகப் படியாது. மழையெல்லாம் ஓய வேண்டும். இன்னொரு பக்கம், ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. வைவா முடிந்த சான்றிதழோடு திங்கட்கிழமை வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸாமினர் தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் கொடுத்தது வெள்ளிக்கிழமை.

வைவா தெரியும்தானே? பி.எச்டி.யின் கடைசிப் படி. வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். திருப்தி என்றால் அன்றைக்கே டாக்டர். இல்லையென்றால் திருத்திக்கொண்டு வா என்று அனுப்பிவிடுவார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த வைவாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. விதிப் புத்தகத்தில் இருக்காது. சீசனில் வைப்பது! மற்ற மாதங்களில் மெயிலுக்குப் பதிலே போடாத எக்ஸாமினர்கள், ஜூலையில் ஒரு தேதி சொன்னால் சாயங்காலத்துக்குள் சரி என்று எழுதுகிறார்கள். சிலர் குடும்பத்தோடு வரலாமா என்று கேட்கிறார்கள். அருவி, எண்ணெய்க் குளியல், கேரள பார்டர் கடைப் பரோட்டா, நடுவில் ஒரு வைவா. இதுதான் நிகழ்ச்சி நிரல். மெஷின் மிக மோசமாக வேலை செய்கிற மாதங்களில்தான் அதை நேரில் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

எப்போதும் ஒரு வரிசை உண்டு. முதலில் லேப், அப்புறம் வைவா, அதற்கப்புறம்தான் அருவி. இசக்கியின் கைடு பேராசிரியர் சங்கரலிங்கம் அந்த வரிசையை இதுவரை மாற்றியதில்லை. தென்காசியில் பழைய வயல்காரக் குடும்பம். விருந்தாளி ஊருக்கு வந்து குறையோடு திரும்பினால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் காதில், மலையில் மழை கொட்டுகிறது, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள் என்று யாரோ போட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த மனிதர் குற்றாலத்தில் குளிக்காமல் ரயில் ஏறுவதா? பேராசிரியர் வரிசையை மாற்றிவிட்டார். விடிந்ததும் அருவி. எக்ஸாமினர் தனியாக எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூச்சப்படுவார் என்று, துணைக்கு இவரும் உட்கார்ந்துவிட்டார்.

உலகத்தில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலை நானும் இசக்கியும் லேபில் தயாராக இருந்தோம். முதல் நாளே சாம்பிள் மேல் தங்கம் பூசி வைத்திருந்தேன். நிஜத் தங்கம்தான். எலக்ட்ரான் படத்துக்கு அது வேண்டும். ஆனால் நகைக்கடைக்காரர் பார்த்தால் சிரித்துவிடுவார், அவ்வளவு மெல்லிசு. நீல மணி போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடியாகிவிட்டது. இசக்கி கையில் உறை மாட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், கையை முன்னால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா அதற்குள் சுரண்டை மார்க்கெட்டிலிருந்து போன் மேல் போன். முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று. இன்னும் தொடங்கவே இல்லை என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இருவரும் வந்தார்கள். அறைக்குள் வாசனை முதலில் வந்தது.

எக்ஸாமினர் நல்ல மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. சிரித்த முகம். தலைமுடி படிந்து மின்னியது. காது மடலில்கூட எண்ணெய். இந்த மாதிரி ஒரு குளியலுக்காகவே இன்னொரு பி.எச்டி. பண்ணலாம் என்று ஜோக் அடித்தார். பேராசிரியரும் மினுமினுப்பாகத்தான் இருந்தார். தான் ஒரே ஒரு துளிதான் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். அப்படியே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அதிகாலையில் குளித்துவிட்டு, எக்ஸாமினரை லாட்ஜில் இறக்கிவிட்டு வரும்போது லேபுக்கு வந்தாராம். தன் சாவியில் திறந்து, சாம்பிள் டப்பாவையும் திறந்து பார்த்தாராம். "பத்திரமா இருக்கும்மா. கவலப்படாத" என்றார்.

இசக்கி என்னைப் பார்த்தாள். நான் டப்பாவைப் பார்த்தேன். மெட்டீரியல்ஸ் பேராசிரியர்தானே, மூடியைத் திறந்து எட்டிப் பார்த்திருப்பார், அதற்கு மேல் ஒன்றும் செய்திருக்க மாட்டார் என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

போர்டு? கதவில்தான் இருந்தது. எக்ஸாமினர் அதை வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வருகிறவர் எக்ஸாமினராக இருந்தால் போர்டுக்கு அன்றைக்கு லீவு.

நான் கையுறை டப்பாவை அவர் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தேன். டெக்னீஷியன்கள் பெரியவர்களோடு பேசுகிற பாஷை அது. அவர் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வந்ததாகச் சொல்லிப் புன்னகைத்தார். குற்றாலத்து எண்ணெய் ஒரு கழுவலில் போகிற எண்ணெயா? இதை எப்படிச் சொல்வது, யார் சொல்வது, சொன்னால் இசக்கியின் கதி என்னாகும் என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இசக்கி சாம்பிள் டப்பாவைத் திறந்துவிட்டாள். இடுக்கியால் சாம்பிளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

எக்ஸாமினர் முகம் மலர்ந்தது. இளவயதில் தானே சாம்பிள் மாட்டிய நாட்கள் ஞாபகம் வந்துவிட்டது போல. கொடும்மா, நானே மாட்டுகிறேன் என்று கையை நீட்டினார். விரல் படலத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"சார், தொடாதீங்க."

சத்தமாகக்கூட இல்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில், ஏசி ஓடுகிற இரைச்சலையும் தாண்டி எல்லோருக்கும் கேட்டது.

எக்ஸாமினரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் போய், பேன்ட் பாக்கெட்டுக்குள் நுழைந்துகொண்டது. சிரிப்பும் கூடவே போய்விட்டது. "சரி" என்றார். அது நல்ல சரி இல்லை. அரசாங்க ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சரி தெரியும். வெளியே போய் வராந்தாவில், சாரலைப் பார்த்து நின்றுகொண்டார்.

பேராசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. இசக்கியைக் கதவுக்கு அருகே கூப்பிட்டார். "யார்ட்ட பேசுதேன்னு தெரியுதாம்மா? போயி ஒரு ஸாரி சொல்லிட்டு வா."

"சொல்லுதேன் சார்" என்றாள் இசக்கி. "மொதல்ல படம் வரட்டும்."

உள்ளே திரும்பி வந்தாள். இடுக்கியை எடுத்தாள். சாம்பிளை மாட்டினாள். நான் மெஷினின் சாம்பிள் அறையைச் சாத்தி பம்ப்பைப் போட்டேன்.

இனி காத்திருக்க வேண்டியதுதான். வாக்குவம் வருகிற வரை மெஷின் படம் காட்டாது. துணைவேந்தரே வந்து நின்றாலும் காட்டாது. அதனிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான். ஆனால் அன்றைக்கு அது பிடிக்கவில்லை. மற்ற நாட்களில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் இறங்கிவிடுகிற காற்றழுத்த அளவு, இறங்கவே மாட்டேன் என்றது. கொஞ்சம் இறங்கும், நிற்கும். இறங்கும், நிற்கும். சீசன் ஈரம். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் யார் நம்புவார்கள்? எக்ஸாமினர் உள்ளே வந்து உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்தார். அவருக்குச் சாயங்காலம் சென்னைக்கு ரயில். மெஷின் எப்போதுமே இப்படித்தானா என்று என்னிடம் கேட்டார். சீசனில் இப்படித்தான் என்றேன். அப்படியானால் சீசனில் எடுத்த படங்களை எப்படி நம்புவது என்றார்.

பேராசிரியர் ஏசியின் ரிமோட்டை எடுத்து ஆராய்ச்சி செய்தார். இசக்கி திரையில் ஓடும் அழுத்த நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வேலை, அப்பாவின் போன், பஸ்ஸில் போன வருஷங்கள் எல்லாம் அந்த நம்பரில் போய் நின்றுகொண்டிருந்தன. நான் அதை இறங்கு, இறங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒருவழியாக இறங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. படம் வந்தது.

முதலில் குறைந்த பெருக்கத்தில்தான் காட்டுவோம். சாம்பிளின் மொத்த முகமும் தெரிவதற்காக. தெரிந்தது. திரை நிறைய வளைவு வளைவாகக் கருப்புக் கோடுகள். வயலில் உழுத சால் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழித்துக்கொண்டு... ஒரு ஓரம் முழுவதும்.

விஞ்ஞானம் தெரிய வேண்டாம். ரேஷன் கடையில் கைரேகை வைத்தவர்கள் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள். விரல் ரேகை! எண்ணெய் விரல், அழுத்தமாக, பெருவிரல்.

பேராசிரியர் டப்பாவைத் திறந்து பார்த்ததோடு நிற்கவில்லை. எடுத்தும் பார்த்திருக்கிறார். பிரியத்தில்தான் எடுத்திருப்பார். ஒரு துளி எண்ணெயோடு.

பேராசிரியர் ரிமோட்டை மேஜையில் வைத்தார். வைத்த கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எக்ஸாமினர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். பார்த்தார். பின்பு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"இது யாரோட விரல்?"

அந்தக் கேள்விக்கு மட்டும் இசக்கி தப்பான பதில் சொல்லியிருந்தால், இந்தப் பத்தி வேறு மாதிரி முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னால், இத்தனை வருஷம் அவளைத் தாங்கிப் பிடித்த கைடு, வெளியூர்க்காரர் முன்னால் தலைகுனிய வேண்டும். என் விரல்தான் என்று பழியைத் தலையில் போட்டுக்கொண்டால், சாம்பிளைத் தொடத் தெரியாதவளுக்கு டாக்டர் பட்டமா என்று அவர் கேட்பார். கேட்டால் நியாயம்தான்.

இசக்கி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இது சீசன் சார். இங்கன எல்லாரு விரல்லயும் எண்ணெய் இருக்கும். அதான் ஒங்கள தொடாதீங்கன்னேன்."

ஸாரி இல்லை. பயமும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாள்.

எக்ஸாமினர் பாக்கெட்டுக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். பாக்கெட் ஓரத்தில் கருப்பாக ஒரு கறை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்தக் கையுறை எங்கே என்று கேட்டார். நான் டப்பாவை மறுபடி நகர்த்தினேன். இந்தத் தடவை புரிந்தது.

உறை மாட்டிக்கொண்டு அவரே மெஷின் முன் உட்கார்ந்தார். சாம்பிளை மெல்ல நகர்த்தி, ரேகை இல்லாத பக்கமாகப் போனார். பெருக்கத்தைக் கூட்டினார். துளைகள் வந்தன. சுத்தமாக, சீராக, இசக்கி எழுதி வைத்தது மாதிரியே. இன்னொரு இடம் போனார். அங்கும் துளைகள். மனிதர் சொந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஞாபகம் போய்விட்டது. நடுநடுவே திரும்பி அந்த ரேகை இருக்கும் ஓரத்துக்கும் போய் வந்தார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

வைவா ஹாலில் புரிந்தது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, அதே பழைய கேள்வியை இசக்கியிடம் கேட்டார். இவை அழுக்கில்லை, துளைகள்தான் என்று எதை வைத்துச் சொல்கிறாய்? கணக்கு, வரைபடம் என்று அவள் பக்கம் பக்கமாகத் தயாரித்து வைத்திருந்தாள். எதையும் எடுக்கவில்லை.

"அழுக்கு எப்படி இருக்கும்னு காலைல நாம எல்லாருமே பாத்தோமே சார்" என்றாள். "ரெண்டையும் ஒரே சாம்பிள்ல, ஒரே நாள்ல பாத்தாச்சு. ரெண்டும் ஒண்ணு போல இருந்துதா?"

எக்ஸாமினர் சிரித்தார். காலையில் பாக்கெட்டுக்குள் போன அதே சிரிப்பு. இப்படி ஒரு ஒப்பீட்டுச் சாம்பிளை யாரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாது என்றார். அதை ஆய்வறிக்கையிலும் சேர்த்திருக்கலாம் என்றார். பேராசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் காலையில் அந்தப் படலத்தைக் கெடுத்தது. மத்தியானம் அதே விரல் அவருடைய மாணவிக்குச் சாட்சி சொன்னது. கெடுதல் பண்ணியவர்கள் எல்லோருக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

இசக்கியம்மாள் டாக்டர் இசக்கியம்மாள் ஆனாள். சுரண்டைக்குப் போனை நான்தான் போட்டேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவில் அவள் அப்பா, "முடிஞ்சுட்டா? முடிஞ்சுட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல, மறுபடியும் கேட்டார்.

நன்றியுரையில் பேராசிரியர், லேபில் சுத்தம்தான் முக்கியம் என்று தான் எப்போதும் வலியுறுத்தி வந்திருப்பதாகக் குறிப்பிட்டார். நான் கைதட்டினேன். மனிதர் மோசமில்லை. மறுநாளே கதவு போர்டுக்குக் கீழே ஒரு புது வரியைத் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். 'இது அனைவருக்கும் பொருந்தும்.' அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த விரல் ரேகைப் படத்தை என்ன செய்தாய் என்று மட்டும் அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை ஒன்று நடந்தது.

வேலையில் சேரப் போகிற வழியில் இசக்கி லேபுக்கு வந்தாள். புதுச் சேலை. ஒரு கையில் சர்டிபிகேட் ஃபைல், இன்னொரு கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம். செங்கோட்டையில் சுடச்சுட வாங்கியது. பேப்பர் நனைகிற அளவுக்குத் தேங்காய் எண்ணெய். தலையைப் பார்த்தால் அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போய், ஆசை தீர எண்ணெய் தேய்த்துக் குளித்தாளாம். பி.எச்டி. சேர்ந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. தினமும் பஸ்ஸில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே போனவள். முகமெல்லாம் பளபளவென்று, சின்னப் பெண் மாதிரி இருந்தாள்.

பழக்க தோஷத்தில் செருப்பை விட்டுவிட்டு மைக்ரோஸ்கோப் ரூமுக்குள் காலை வைத்தாள்.

"ஏட்டி, அங்கனயே நில்லு" என்றேன்.

நின்றாள். போர்டைப் பார்த்தாள். தன் கையெழுத்தைத் தானே வாசித்துவிட்டுச் சிரித்தாள். "எக்கா, எனக்குமா?"

"ஒனக்குந்தான். டாக்டராயிட்டா ஆச்சா?"

நான் வெளியே வந்தேன். வராந்தாவில் நின்று சாரலைப் பார்த்தபடி சிப்ஸ் தின்றோம். புதுக் கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் கிடையாதாம். சாம்பிள் எடுத்துக்கொண்டு உங்களிடம்தான் வருவேன் என்றாள். இப்படிச் சொல்லிப் போனவர்கள் நிறையப் பேர். முதல் வருஷம் வருவார்கள். அப்புறம் அவர்களுடைய மாணவர்களை அனுப்புவார்கள். டெக்னீஷியன் வேலையில் அது இயல்பு. மெஷின் இங்கேயே இருக்கும், நானும் இங்கேயே இருப்பேன், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். இதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆள் நான் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. சொல்வதற்கென்ன?

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போயிட்டு வாரேன்க்கா என்று கையை நீட்டியவள், சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். விரல் முழுக்க சிப்ஸ் எண்ணெய்.

"தொடாதீங்கக்கா" என்றாள்.

நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும்.

அன்று சாயங்காலம் வரை நான் மெஷின் பக்கம் போகவில்லை. சாம்பிளோடு வந்தவர்களிடம் வாக்குவம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.